தண்ணி எந்த ஒயரத்துல வருது? டெல்டாவுல ஏழு நாள்

ஜூன் 19, வியாழன். கல்லணை

காலையில ஆறரைக்கு திருச்சியில எறங்குனேன். தோள்ல ஒரு பை, முதுகுல ஒரு பை, கையில மடக்குற ஸ்டாண்டு. எதுக்கு வந்தேன்னு சுருக்கமா சொல்லிடுறேன், அப்பறம் சாப்பாட்டுக்குப் போகலாம்.

சென்னையில ஒரு டப்பிங் ஸ்டுடியோல டயலாக் எடிட்டரா இருக்கேன். பதினோரு வருசமா ஏசி ரூமுக்குள்ள ஒக்காந்து அடுத்தவங்க மூச்சு சத்தத்த வெட்டிக்கிட்டு இருக்குற வேல. ஆறு மாசமா ராத்திரில ஸ்பேஷியல் ஆடியோ கத்துக்குறேன். அதாவது சத்தத்த இடது வலதுன்னு மட்டும் பிரிக்காம முன்னாடி பின்னாடி மேல கீழன்னு சுத்தி வச்சு, ஹெட்போன் போட்டவங்கள அந்த எடத்துக்குள்ளயே கொண்டுபோய் எறக்கிவிடுறது. கடைசி அசைன்மென்ட்டு எட்டு நிமிசத்துல ஒரு கத, வசனம் கூடாது, சத்தம் மட்டும்தான். கோயம்பேடு மார்க்கெட்ட வச்சு ஒண்ணு பண்ணி அனுப்புனேன், லாரி பின்னாடி, கூவுறவன் இடது பக்கம், மழ தலைக்கு மேல, ஒண்ணையும் விடல. கோர்ஸ் எடுக்குறவரு ஒரே வரியில பதில் போட்டாரு. "சத்தம் எல்லாம் இருக்கு, கேக்குற ஆளு எங்க நிக்கிறாரு?" எனக்குப் புரியல, கோவம் வேற. ஆளு நடுவுல நிக்கிறாரு, வேற எங்க நிப்பாரு?

அந்தக் கோவத்துலதான் லீவு போட்டேன். மேட்டூர வழக்கம்போல ஜூன் 12 தொறந்துட்டாங்க, அப்பறம் கல்லணையும் தொறந்தாச்சு, தண்ணி கடைமடைக்கு, அதாவது வாய்க்கால் போய் முடியிற கடைசி ஊருங்களுக்குப் போய்ச்சேர இன்னும் சில நாள் ஆகும். எங்க அத்தை ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம், அதுதான் கடைமடை. நாலஞ்சு மாசமா காஞ்சு கெடக்குற வாய்க்கால்ல தண்ணி வர்ற சத்தத்தப் பிடிச்சா கத தானா வந்துடும்னு நெனச்சேன். தல கல்லணை, கால் கடைமடை, சுலபமான கணக்கு.

டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கெடையாது, அந்த ஒரு விஷயத்துல நான் இந்தப் பயணம் பூரா பணக்காரி. கல்லணையில எறங்குனதும் மேகாத்து (மேக்கேர்ந்து அடிக்கிற காத்து) ஒரு தள்ளு தள்ளுச்சு பாருங்க, ஸ்டாண்ட விரிக்கக்கூட முடியல. காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம்னு தண்ணி பிரிஞ்சு போற எடம், கரிகாலன் கட்டுனதுன்னு சின்ன வயசுலேர்ந்து படிச்சது, நேர்ல நின்னா மதகு வழியா தண்ணி விழுற அதிர்வு உள்ளங்காலுக்கு வருது.

என் ரெக்கார்டர்ல நாலு மைக் இருக்கு, நாலும் நாலு திசைய பாத்துக்கிட்டு முக்கோணக் கூம்பு மாதிரி நிக்கும். இந்த முறைக்கு ஆம்பிசோனிக்ஸ்னு பேரு, 1970கள்ல இங்கிலாந்துல மைக்கேல் கெர்சான்னு ஒரு கணக்குப்புலியும் அவர் கூட்டாளிங்களும் கொண்டுவந்தது. நாலு மைக் பிடிச்சத கணக்குப் போட்டு வேற நாலா மாத்தும். டபிள்யூன்னா எல்லாப் பக்கமும் சேந்து வர்ற சத்தம், எக்ஸ் முன்-பின், ஒய் இடம்-வலம், இசட் மேல்-கீழ். இந்த நாலும் கையில இருந்தா அப்பறம் வீட்டுல ஒக்காந்து கேக்குறவங்க தலைய எந்தப் பக்கம் வேணா திருப்பலாம். காத்து அடிக்காம இருக்க அதுக்கு மேல முடி வச்ச ஒரு உறை போடுவோம். பாலத்து மேல ஒரு பையன் கிட்ட வந்து "அக்கா, இது கீரிப்புள்ளயா?"ன்னு கேட்டான். ஆமான்னு சொல்லிட்டேன். தொடாம ஓடிட்டான், நல்லதாப் போச்சு.

நாப்பது நிமிசம் எடுத்தேன். நாலு சேனல், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், நிமிசத்துக்கு 35 எம்பி கிட்ட ஆகும், மொத்தம் 1.4 ஜிபி. மத்தியானம் ஒரு வேப்பமரத்தடியில பொரிச்ச மீனு (தட்டு 100 ரூவா, முள்ளு ஜாஸ்தி, மசாலா பிரமாதம்) சாப்புட்டுக்கிட்டே ஹெட்போன் போட்டுக் கேட்டேன். சேனல் போன டிவி. அவ்ளோதான். ஸ்ஸ்ஸ்ஸ்ஸ். அம்மாம்பெரிய தண்ணி விழுறப்ப எல்லா அலைவரிசையும் ஒண்ணா, எல்லாப் பக்கத்துலேர்ந்தும் வருது, காதுக்கு பிடிச்சுக்க ஒரு மூலை கெடைக்கல. அந்த 1.4 ஜிபில எங்கன்னு கைய காட்டக்கூடிய ஒரே சத்தம், எனக்குப் பின்னாடி யாரோ ஒரு ஆளு ரப்பர் செருப்ப இழுத்து இழுத்து நடந்து போனதுதான்.

ஜூன் 20, வெள்ளி. கும்பகோணம், தாராசுரம், நரசிங்கம்பேட்டை

லாட்ஜு 700 ரூவா, பேன்ல கட்டக் கட்டக்னு ஒரு சத்தம், தொழில் புத்தியில அதையும் ரெண்டு நிமிசம் பதிஞ்சுக்கிட்டேன். காலையில இட்லிக்கு கடப்பா குடுத்தாங்க. பாசிப்பருப்பு, உருளக்கெழங்கு, சோம்பு வாசம், சாம்பாரும் இல்லாம குருமாவும் இல்லாம நடுவுல ஒண்ணு. ரெண்டாவது தடவ கேட்டப்ப பரிமாறுன அண்ணன் "இட்லிக்குத்தாங்க கடப்பா, கடப்பாவுக்கு இட்லி இல்ல"ன்னாரு. டிகிரி காப்பி 30 ரூவா. நல்லாதான் இருந்துச்சு, ஆனா பைபாஸ் ரோட்டுல பித்தள டபராவ அடுக்கி வச்சிருக்குற கடைங்களப் பாத்துப் பாத்து அந்தப் பேரு மேல எனக்கு ஒரு சலிப்பு வந்துடுச்சு.

தாராசுரத்துல ஐராவதேஸ்வரர் கோயில் பலிபீடத்துப் படிங்க தட்டுனா ஒவ்வொண்ணும் ஒரு சுரம் குடுக்கும்னு சின்ன வயசுல அப்பா சொன்னது. இப்ப அதச் சுத்தி கம்பி போட்டு அடைச்சிருக்காங்க, சரிதான், வர்றவன் போறவன் எல்லாம் கல்ல வச்சுத் தட்டுனா 12ஆம் நூற்றாண்டுப் படி எத்தன நாளைக்குத் தாங்கும். ஸ்டாண்டு வைக்கணும்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணுமாம், வாங்காதது என் தப்பு. அதனால காதுக்குள்ள வைக்கிற ரெண்டு சின்ன மைக்க மாட்டிக்கிட்டு சும்மா நடந்தேன்.

இது வேற முறை, பைனாரல். என் தலையத்தான் இதுல ஸ்டாண்டா வச்சுக்கிறோம். வலது பக்கம் ஒரு மணி அடிச்சா இடது காதுக்கு அது ஒரு வினாடியில ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கம்மியான நேரம் பிந்தி வரும், அதிகபட்சம் 0.6, 0.7 மில்லிசெகண்டு. கீச்சுக்குரலா இருந்தா தல மறைச்சு சத்தமும் கொறஞ்சு வரும். மேலயா கீழயாங்குறத காது மடல்ல இருக்குற மேடு பள்ளம் சொல்லிக் குடுக்கும். இந்த ரெண்டு காது கணக்க 1907லயே ராலே பிரபு எழுதி வச்சுட்டாரு. இதுல என்ன சிக்கல்னா என் தலைக்குள்ள நடக்குறதும் பதிவாகும். வீட்டுல கேட்டப்ப கோயில் பிரகாரத்துப் புறா எல்லாம் அழகா மேல பறக்குது, நடுமண்டையில நான் எச்சி முழுங்குறது கெணத்துல கல்லு போட்ட மாதிரி கேக்குது. போதாக்கொறைக்கு வாசல்ல பூ விக்கிற அம்மா "பாட்டு கேட்டுக்கிட்டே சாமி கும்புடுதுவோ இந்தக் காலத்துப் புள்ளைவோ"ன்னு பக்கத்துக் கடையில சொன்னது வலது பின்பக்கம் துல்லியமா விழுந்திருக்கு. அந்தம்மாகிட்ட நான் ரெண்டு மொழம் மல்லி வாங்கியிருந்தேன், அதுவும் கேக்குற வெல குடுத்து.

மத்தியானம் நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் செய்யிற ஊரு, 2022ல புவிசார் குறியீடு கெடச்சது. ஆச்சா மரத்துலதான் ஒலவு (நாகஸ்வரத்தோட நீளக் குழல்) கடையிறாங்க, அதுவும் பழைய வீடு இடிக்கிறப்ப வர்ற உத்தரம், தூணு இதுங்களத் தேடித்தேடி வாங்கிட்டு வர்றாங்க, பச்சமரம் ஆகாதாம். ஒரு பட்டறையில கடசல் சத்தத்த எடுத்துக்கிட்டா பரவாயில்லயான்னு கேட்டேன். தாராளமான்னு மோடா எடுத்துப் போட்டாங்க, மோரு குடுத்தாங்க. நேரம் நல்லா இருந்துச்சு, வாத்தியம் வாங்க வந்த ஒரு வித்வான் வாசிச்சுப் பாக்க உக்காந்தாரு. நான் ரெக்கார்டர தூக்கிக்கிட்டு மூணடி தூரத்துல போய் நீட்டுனேன். மொத ஊதுலயே மீட்டர் செவந்து போச்சு. மொத்தமும் கிழிஞ்ச சத்தம்.

பட்டறைக்காரர் சிரிச்சாரு. "ஏம்மா, இது கிட்ட உக்காந்து கேக்குற வாத்தியமா? கோயில்ல வாசிச்சா நாலு வீதிக்கும் கேக்கணும்னு செஞ்சது. போயி தெருமொனையில நில்லு." போய் நின்னேன். அங்கேர்ந்து கேட்டா, பக்கத்து வீட்டுச் செவுத்துல பட்டு ஒரு தரம், நேரா ஒரு தரம்னு அந்தக் கல்யாணி ராகம் வர்றப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு, நடுவுல ஒரு மாட்டுவண்டி, ஒரு பிரஷர் குக்கர் விசில், அதுவும் சேந்துதான் நல்லா இருந்துச்சு. கோர்ஸ்காரர் சொன்ன அந்த ஒத்த வரி அப்ப லேசா இடறுச்சு. முழுசா இல்ல.

ஜூன் 21, சனி. திருவாரூர் வழியா

எழுத பெருசா ஒண்ணும் இல்ல. கமலாலயக் கொளத்துப் படியில ஒரு மணி நேரம் ஒக்காந்தேன், வெயில் மண்டையப் பொளந்துச்சு. தனியார் பஸ்ல ஸ்பீக்கர் எனக்கு நேர் மேல. அத்தை ஊருக்கு பஸ்ஸ விட்டு எறங்கி ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும், பாதி வழியில டிவிஎஸ் எக்ஸெல்ல மாமா வந்துட்டாரு. பைய கால்ல வச்சுக்கிட்டு "என்னா பாப்பா, சத்தம் புடிக்க வந்தியாமே, இங்க ஏது சத்தம்?"ன்னாரு.

வாய்க்காலப் பாத்தேன். வெடிச்சுக் கெடக்கு. வெடிப்புக்குள்ள என் கை மணிக்கட்டு வரைக்கும் போகுது. தண்ணி எப்ப வரும்னு கேட்டதுக்கு மாமா வானத்தப் பாத்து, அப்பறம் செல்போனப் பாத்து, "மொறை வச்சு விடுறாங்க, நாளைக்கு இல்லாட்டி நாளன்னிக்கு"ன்னாரு. போர் போட்டவங்க வயல்ல குறுவ நட்டு பச்சையா நிக்குது. மாமா வயல் ஆத்துத் தண்ணிய நம்புனது.

ராத்திரி நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும் போட்ட கொழம்பு. ரெண்டு தரம் சோறு.

ஜூன் 22, ஞாயிறு

தண்ணி வரல. காத்தாலேர்ந்து குழா ஸ்பீக்கர்.

பக்கத்து ஊரு மாரியம்மன் கோயில்ல காப்பு கட்டியிருக்காங்க, தென்னமரத்துக்குத் தென்னமரம் குழா. காலையில அஞ்சு மணிக்கு ஆரம்பிச்ச பாட்டு ராத்திரி பத்து வரைக்கும் நிக்கல. நான் பிடிக்க வந்த குயில், மைனா, பனையோலை சலசலப்பு எல்லாம் அதுக்குள்ள காணாமப் போச்சு. மொதல்ல எரிச்சல்ல படுத்துட்டேன், அப்பறம் வேற வேல இல்லாததால கவனிச்சுக் கேட்டேன். ஒரே பாட்டு, ஆனா மூணு தடவ கேக்குது. கிட்டக் குழா மொதல்ல பாடுது, முக்கா வினாடி கழிச்சு கெழக்குக் குழா, அதுக்கும் பின்னாடி வெகுதூரத்துல ஒண்ணு தேய்ஞ்ச கொரல்ல. சத்தம் வினாடிக்கு சுமார் 350 மீட்டர் போகும் இந்த சூட்டுல, அப்ப அந்த கெழக்குக் குழா கிட்டக் குழாவ விட எவ்ளோ தள்ளி இருக்குன்னு வெரல் விட்டே கணக்குப் போடலாம். தூரத்துக் குழாவுல ஜிங்ஜிங்னு வர்ற மேல் சத்தம் எல்லாம் காத்துலயே உதுந்து போயி, அடித்தொண்ட மட்டும் வருது.

நான் ஆறு மாசமா தூரம்னா வால்யூமக் கொறச்சா போதும்னு பண்ணிக்கிட்டு இருந்தேன். அப்படிப் பண்ணா தூரத்துல இருக்குற மாதிரி இருக்காது, பக்கத்துல நின்னுக்கிட்டு மெதுவாப் பேசுற மாதிரிதான் இருக்கும். மேல் அலைவரிசைய உதுக்கணும், நேரத்தத் தள்ளணும், செவுரு இருந்தா எதிரொலியக் கூட்டணும். தியேட்டர்ல சுத்தியும் தலைக்கு மேலயும் ஸ்பீக்கர் வைக்கிற டால்பி அட்மாஸ் 2012ல வந்துச்சு, எங்க மாரியம்மன் கோயில் கமிட்டி அதுக்கு முன்னாடியே ஊரச் சுத்தி குழாவக் கட்டிடுச்சு, என்ன ஒண்ணு, வால்யூம் பட்டன் மட்டும் யார்கிட்டயும் கெடையாது.

அத்தை கிட்ட இதச் சொன்னேன். "பத்து மணிக்கு நிக்கும், இப்ப வெங்காயத்த உரி"ன்னாங்க.

ஜூன் 23, திங்கள்

தண்ணி வரல.

சும்மா இருக்க வேணாம்னு மதகுக்குப் போனேன். சின்ன பாலம், அதுக்குக் கீழ ரெண்டு ஷட்டர், துரு பிடிச்ச வீலு. கரையில ஸ்டாண்டு வைக்க எடம் இல்ல, அதனால மூங்கில் கழியில ரெக்கார்டர தலகீழா கட்டி பாலத்துலேர்ந்து வாய்க்காலுக்குள்ள தொங்கவிட்டேன். ஒரு மணி நேரம். வீட்டுக்கு வந்து கேட்டா தல சுத்துது. காக்கா தரைக்கு அடியில கத்துது. பாலத்து மேல போன சைக்கிள் என் பாதத்துக்குக் கீழ போகுது. எடப்பக்கம் இருந்த ஆட்டுக்கூட்டம் வலப்பக்கம். ஏதோ பாதாள லோகம் மாதிரி. தலகீழா தொங்கவிடுறப்ப ரெக்கார்டர்ல அதச் சொல்லணும், நான் நிமிந்து நிக்கிற மாதிரியே விட்டுட்டேன். இதுல ஒரு நல்லது, ஆம்பிசோனிக்ஸ்ல இது சாகுற வியாதி இல்ல. முன்பக்கம் முன்பக்கமாவே இருந்து தலகீழா தொங்குனா ஒய், இசட் ரெண்டையும் மைனஸாக்குனா போதும், காக்கா மேல ஏறிடும். ஏறுச்சு. ஆனா அந்த பாதாளக் காக்காவ ஒரு காப்பி தனியா எடுத்து வச்சிருக்கேன்.

சாயங்காலம் திரும்ப அங்க போனப்ப பாலத்துக் கட்டையில ஒரு பெரியவர் உக்காந்திருந்தாரு. இந்த ஷட்டருக்கு முப்பது வருசம் லஸ்கரா (மதகத் தொறந்து மூடுற ஆளு) இருந்து ரிட்டையர் ஆனவராம், வேல போயும் கால் பழக்கம் போகல, தெனம் அஞ்சு மணிக்கு வந்து ஷட்டரப் பாத்துட்டுப் போவாராம். பெரியப்பான்னு கூப்புட்டேன். என்ன பண்றன்னு கேட்டாரு, சொன்னேன். ஹெட்போன குடுத்தேன், வாங்கிக்கல.

என் ஸ்டாண்ட கைத்தடியால காமிச்சு, "இந்த மெசின் யாரு ஒயரம்?"னு கேட்டாரு.

"காது ஒயரத்துல வைக்கணும் பெரியப்பா, அதான் முறை."

"யாரு காது? என் காது ஒயரம் இருக்கு. தண்ணி என் ஒயரத்துலயா வருது?"

நான் சும்மா நின்னேன்.

"தண்ணி வர்றது மேல நிக்கிறவனுக்குக் கேக்காதும்மா. காத்துதான் கேக்கும். நாங்க ராத்திரி மொறைக்கு வருவோம், லைட்டு கெடையாது, வாய்க்காக்குள்ள எறங்கி இப்புடி ஒருச்சாச்சுப் படுத்துக்கிடுவோம். வெடிப்புல இருக்குற நண்டுக்குத்தான் மொதல்ல தெரியும். அது மேல ஏற ஆரம்பிச்சா, பத்து நிமிசத்துல தண்ணி."

வெளிச்சம் போயிக்கிட்டு இருந்துச்சு. அவரு எந்திரிச்சு வேட்டியத் தட்டிக்கிட்டு வீலுல கைய வச்சு கால் சுத்து சுத்திக் காட்டுனாரு, சட்டப்படி அது செய்யக்கூடாதுன்னு நெனைக்கிறேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க, தண்ணியும் இல்ல, அப்பவே திருப்பி வச்சுட்டாரு. என் பையில பியெசோ தகடு ஒண்ணு இருந்துச்சு, ரிச்சி ஸ்ட்ரீட்ல 20 ரூவா, அத டேப் போட்டு ஷட்டர் கம்பியில ஒட்டுனேன். காத்துல வர்ற சத்தத்த அது எடுக்காது, இரும்புக்குள்ள ஓடுற அதிர்வத்தான் எடுக்கும். வெளியில கேட்டா கிறீச்னு ஒரு சத்தம், அவ்ளோதான். தகடு வழியா கேட்டா ஒரு யானை தூக்கத்துல பெரண்டு படுக்குது.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. கொசு ஒரு காரணம். இன்னொரு காரணம், கேக்குற ஆளு யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆளே இல்ல அது. வெடிப்புக்குள்ள இருக்குற வயல் நண்டு.

ஜூன் 24, செவ்வாய்

பகல் பூரா தயாராகுறதுலயே போச்சு. மாமா வீட்டுல இருந்த ஆறு இஞ்சு ஆணி ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு பியெசோ தகட ஒட்டி வாய்க்கால் தரையில அடிச்சு எறக்கிட்டேன், அது மண்ணோட அதிர்வுக்கு. 900 ரூவாய்க்கு வாங்குன காலர் மைக்க ஒரு வெடிப்புக்குள்ள விட்டு ஒயர கரைக்கு இழுத்தேன், அது கிட்டக் கேக்குற சத்தத்துக்கு. நாலு மைக் ரெக்கார்டர கரைச்சரிவுல தரையிலேர்ந்து ஒரு சாண் ஒயரத்துல குச்சி நட்டு வச்சேன். நாலு சேனல் மட்டும் இருக்குற முதல் ஆர்டர் ஆம்பிசோனிக்ஸ்ல திசை கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும், மூடுபனியில பாக்குற மாதிரி. (மூணாம் ஆர்டருக்கு 16 சேனல் வேணும், அதுக்குண்டான மைக்கு வெலயக் கேட்டா மாமா வயல விக்கணும்.) அதனால அத விரிப்பா போட்டுட்டு, கூர்மையா வேணுங்குறத தனி மைக்குல எடுத்து அதுக்கு மேல பொருத்துறதுதான் வழக்கம்.

மத்தியானம் மூணு பேரு வந்து என்ன அளக்குறீங்கன்னு விசாரிச்சாங்க. ஒருத்தர் "மீத்தேனா?"ன்னு நேராவே கேட்டாரு, மொகத்துல சிரிப்பு இல்ல. மாமா வந்து எங்க மச்சான் பொண்ணுன்னு சொன்னதுக்கு அப்பறம்தான் நகந்தாங்க. அவங்க கேட்டது நியாயம். ஊருக்குத் தெரியாம கரையில ஆணி அடிச்சவ நான்.

ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு மாமா போன் அடிச்சுச்சு. மேல இருக்குற ஊர்க்காரர். "பாலத்தத் தாண்டிடுச்சு." எக்ஸெல்ல ஏறுனோம். லைட்ட அமத்திட்டு வாய்க்காலுக்குள்ள எறங்கி பெரியவர் சொன்ன மாதிரி ஒருக்களிச்சுப் படுத்துட்டேன். மேகாத்து அந்த நேரம் பாத்து அடங்கியிருந்துச்சு. அரைமணி நேரம் ஒண்ணுமே இல்ல. மாமா கரையில பீடி பத்த வச்ச தீக்குச்சி சத்தம் மட்டும். ஸ்டுடியோல நான் தெனம் வெட்டி எறியிற அமைதி இருக்கே, அதே அமைதி, ஆனா இதுக்கு அடியில ஏதோ இருந்துச்சு.

அப்பறம் மேக்கால யாரோ காஞ்ச எலையக் கூட்டுற மாதிரி சரசரன்னுச்சு. டார்ச்ச அடிக்கலாம்னு தோணுச்சு, அடிக்கல. அது நேரா வரல. நிக்குது, எங்கயோ ஒரு பள்ளத்த ரொப்புது, திரும்பக் கெளம்புது. சருகு, வைக்கோல், ஒரு பிளாஸ்டிக் டம்ளர், அதையெல்லாம் மூஞ்சில தள்ளிக்கிட்டு வருது. வெடிப்புக்கிட்ட வந்ததும் பாருங்க, நான் இதுக்குத் தயாராவே இல்ல. தண்ணி உள்ள எறங்க எறங்க உள்ள இருந்த காத்து வெளிய வருது, மொத்த வாய்க்காலும் முறுக்க வாயில போட்டு மெல்லுற மாதிரி முறுமுறு முறுமுறுன்னு, எல்லா வெடிப்பும் ஒண்ணொண்ணா, கிட்ட, இன்னும் கிட்ட. என் முழங்கை நனைஞ்சதும்தான் எந்திரிக்கணும்னே தோணுச்சு. காலர் மைக் முழுகிடுச்சு. 900 ரூவா. அது சாகுறதுக்கு முன்னாடி ஒரு வினாடி பதிஞ்சிருக்கு, மைக்குக்குள்ளயே தண்ணி போற க்ளுக்குங்குற சத்தம், இந்த ஏழு நாள்ல எடுத்ததுல அதுக்குப் பக்கத்துல வேற எதுவும் நிக்காது.

நண்டு ஏறுச்சான்னு கேட்டா, நான் பாக்கல. இருட்டு.

மாமா செருப்பக் கழட்டிட்டு எறங்கி கணுக்கால் தண்ணியில நின்னாரு. "ம்"ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல.

ஜூன் 25, புதன்

காலையில சளி பிடிச்சுக்கிச்சு, கால் பூரா கொசுக்கடி. அத்தை மெளகு ரசம் வச்சாங்க. வாய்க்கால்ல தண்ணி மொழங்கால் அளவு வந்திருக்கு, கொக்கு ஒரு எழுவது எம்பது வரிசையா நிக்குது, எப்புடித்தான் தகவல் போகுதோ. பியெசோ தகட பலூனுக்குள்ள போட்டுக் கட்டி தண்ணிக்குள்ள விட்டுப் பாத்தேன். தண்ணியில சத்தம் வினாடிக்கு சுமார் 1480 மீட்டர் போகும், காத்த விட நாலு மடங்கு, அதனால நாம முழுகிக் கேட்டா ரெண்டு காதுக்கும் நடுவுல வர்ற நேர வித்தியாசம் கால் பங்காச் சுருங்கிடும், எந்தப் பக்கம்னே தெரியாது, எல்லாம் மண்டைக்குள்ள கேக்கும். அப்ப என் கதையில தண்ணி வந்து மூடுன நொடியிலேர்ந்து திசையே இருக்கக்கூடாது. அதுவரைக்கும் சுத்தி விரிஞ்சு இருந்தது பூரா உள்ள சுருங்கணும். இத நோட்டுல எழுதி ரெண்டு கோடு போட்டேன்.

பொழுது சாஞ்சதும் தவள. ஊரே தவள. ராத்திரி பஸ்ஸுக்கு முன்னாடி மாமா தானாவே ஹெட்போன கேட்டாரு. காதுல வச்சு கண்ண மூடுனாரு. சரசரப்பு வர்றப்ப புருவம் ஏறுச்சு. அதுக்கப்பறம் நான் சோதனைக்குச் சேத்து வச்சிருந்த தவள சத்தம், இடது பக்கம். மாமா இடது பக்கம் திரும்புனாரு. திரும்ப வலது பக்கம் திரும்புனாரு. ஹெட்போனக் கழட்டிட்டாரு.

"பொய்யி இது. நான் திரும்புனா தவளயும் எங்கூடயே திரும்புது. தவள அங்கயேதான இருக்கணும்?"

தல எந்தப் பக்கம் திரும்புதுன்னு ஹெட்போன் கண்டுபிடிச்சு சத்தத்த எதிர்ப்பக்கம் சுத்திவிடணும், என்கிட்ட இருக்குற 2,200 ரூவா ஹெட்போன்ல அது கெடையாதுன்னு விளக்குனேன். மாமா பொறுமையாக் கேட்டுட்டு, "அப்ப அத வாங்கிட்டு வந்து போட்டுக் காட்டு"ன்னாரு.

அத்தைக்கு வேற கவல. முழுப் பதிவையும் ஓட்டிப் பாத்தப்ப நாப்பத்தோராவது நிமிசத்துல அவங்க கொரலு இருக்கு, பின்னாடி இடது பக்கம், ராத்திரி டார்ச்ச எடுத்துக்கிட்டு வரப்பு மேலயே நடந்து வந்திருக்காங்க. "ஏன்டி, பாம்பு கெடக்குற எடத்துல பொணம் மாதிரி படுத்துக் கெடக்குற, எந்திரிடி!" நாலு பேரு கேக்குறதுல நான் கத்துறது இருக்கக்கூடாது, அழிச்சுடுன்னு பஸ் வர்ற வரைக்கும் மூணு தரம் சொன்னாங்க. அழிக்க வேண்டியதே இல்ல. நண்டுக்கு நம்ம மாதிரி காது கெடையாது, காலு வழியா வர்ற அதிர்வுதான் அதுக்குப் பெருசாத் தெரியும். அத்தை திட்டுனது அதுக்கு எட்டாதுன்னுதான் நெனைக்கிறேன். ஆணியில ஒட்டுன தகட தனியாப் போட்டுக் கேட்டேன், அத்தை வரப்புல நடந்து வந்த அதிர்வு அதுல இருக்கு, தும், தும், தும்னு, ஒரு காலு லேசா இழுக்குது, போன வருசம் மூட்டுக்கு ஊசி போட்ட காலு. அது இருக்கட்டும்னு இருக்கேன்.